நாற்பது பிள்ளைகளோடு குமரியில் ஒருநாள் சுற்றுலா: முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

ஏப்ரல், மே வந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு பெயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்பிவிடும். மறைக்கல்வி வகுப்பு, விடுமுறை வேதாகமப் பள்ளி, கோயில் சமய வகுப்பு, டியூஷன், நூலக வாசகர் வட்டம் என்று பெயர்தான் மாறும். உள்ளே எப்போதும் நாற்பது பிள்ளைகள், நாலைந்து பெரியவர்கள். அந்த நாலைந்து பேரில் ஒருவராக முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "சும்மா கூடப் போய்ப் பாத்துக்கிட்டா போதும்" என்று சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். நாற்பது பேரை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம். மொத்த வேலையும் அந்த நாற்பதை எட்டெட்டாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது.

முதலில் இடங்களைக் குறையுங்கள்

திட்டம் போட உட்காரும்போது ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். கன்னியாகுமரி, சுசீந்திரம், பத்மநாபபுரம், தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி என்று ஒரே நாளில் மாவட்டத்தையே சுற்றிவிடப் பார்ப்பார்கள். பெரியவர்கள் நாலு பேர் காரில் போனால் முடியும். பிள்ளைகள் கூட்டத்துக்கு ஒவ்வோர் இடமும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், ஒரு கழிப்பறை வரிசை, இரண்டு எண்ணிக்கை. பார்க்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே அரைமணி நேரம் போய்விடும். இரண்டு இடம் போதும், மிஞ்சினால் மூன்று.

கிழக்குப் பக்கம் என்றால் காலையில் படகு, விவேகானந்தர் பாறை, கரைக்கு வந்து காந்தி மண்டபம், மாலையில் வட்டக்கோட்டை. மேற்கு என்றால் பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு. இரண்டையும் கலக்காதீர்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சாலையின் நெரிசல் உங்கள் நேர அட்டவணையைத் தின்றுவிடும்.

நாள் குறிக்கும்போது கவனிக்கவேண்டியவை கொஞ்சம்தான். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணிநேரம் இடைவேளையும் உண்டு. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் கன்னியாகுமரி நிரம்பி வழியும்; சின்னப் பிள்ளைகளோடு அப்போது அங்கே போவதை நான் ஆதரிக்கமாட்டேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதால் திற்பரப்பில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவது அடிக்கடி நடக்கும். கோடையிலும் மதியத்துக்கு மேல் மலையில் இடிமழை பெய்யலாம். கீழே வெயில் அடிப்பதை மட்டும் பார்த்து அருவிக்குப் போகக்கூடாது.

போகும் நாளுக்கு முன்னால் உங்களில் ஒருவர் இருசக்கர வண்டியில் போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரவேண்டும். அழகை அல்ல: பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள், கழிப்பறை எங்கே, கதவு பூட்டுமா, தண்ணீர் வருகிறதா, சாப்பிட நிழல் எங்கே. இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தெரிந்த ஓர் ஆள் வண்டியில் இருந்தாலே பாதிக் குழப்பம் குறையும்.

குழு பிரிப்பது

எட்டு வயதுக்குக் கீழே என்றால் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேலே என்றால் எட்டுப் பேருக்கு ஒருவர் என்பது என் கணக்கு. இதற்கு மேல் இரண்டு பேர் தனியாக வேண்டும். ஒருவர் மொத்தப் பொறுப்பாளர்: டிக்கெட், டிரைவர், பெற்றோர் போன் எல்லாம் அவர் தலையில். இன்னொருவர் கடைசி ஆள். கூட்டத்தின் வாலில் நடப்பது மட்டும்தான் அவர் வேலை. அவருக்குப் பின்னால் நம் பிள்ளை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இந்த வேலையைச் சுறுசுறுப்பானவர்களிடம் கொடுத்தால் முன்னால் போய்விடுவார்கள். நிதானமாக நடக்கிற, போனை அடிக்கடி எடுக்காத ஆளாகப் பாருங்கள்.

பெற்றோர் உதவிக்கு வந்தால் நல்லதுதான். ஆனால் அம்மாவைத் தன் பிள்ளை இருக்கும் குழுவுக்குப் போடாதீர்கள். கண் அங்கேயே நிற்கும், மற்ற ஏழு பேரும் அனாதை. பெண் பிள்ளைகள் இருக்கும் பயணத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் வரவேண்டும். ஒருவர் கழிப்பறை வாசலில் நின்றால் இன்னொருவர் மீதிப் பேரோடு நிற்கவேண்டும்.

குழுவுக்குப் பெயர் வையுங்கள். ஒன்று, இரண்டு என்றால் பிள்ளைகளுக்கு மறந்துபோகும். நாங்கள் வாழைப்பழப் பெயர்கள் வைப்போம்: மட்டி, செந்துளுவன், ரசகதலி, ஏத்தன், பாளையங்கோட்டான். "மட்டி எங்கே?" என்று ஒரு குரல் கொடுத்தால் எட்டுப் பேரும் கத்துவார்கள். பேயன் என்று மட்டும் வைக்காதீர்கள், அந்தக் குழுவுக்கு யாரும் வரமாட்டார்கள். விசிலை நம்பாதீர்கள்; கடற்கரையில் போலீஸும் ஊதும், பார்க்கிங் ஆளும் ஊதுவார், பீப்பி விற்பவரும் ஊதுவார்.

குழுவுக்குள் ஜோடி சேர்ப்பதும் உண்டு. உயிர்த்தோழர்களை ஜோடியாகப் போட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே காணாமல் போவார்கள், "என் ஜோடியக் காணோம் டீச்சர்" என்று சொல்ல ஆள் இருக்காது. ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னப் பிள்ளை என்று சேர்த்தால் நன்றாக நடக்கும். அதற்காகப் பெரிய பிள்ளையின் தலையில் பொறுப்பைக் கட்டிவிடக்கூடாது. சொல்லவேண்டியது அதன் வேலை, தேடவேண்டியது உங்கள் வேலை.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்

பெற்றோரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: பிள்ளையின் பெயர், இரண்டு போன் எண்கள், வலிப்பு, மூச்சிரைப்பு, ஒவ்வாமை ஏதாவது உண்டா, தினமும் எடுக்கும் மருந்து எது, திரும்பி வரும்போது யார் கூட்டிப்போவார்கள். பள்ளியின் பெயரில் போவதென்றால் தலைமையாசிரியர் வழியாக அனுமதி வாங்காமல் ஓரடி எடுத்து வைக்காதீர்கள்.

போனில் எல்லாம் இருக்கிறதே என்று விடாமல் காகிதத்திலும் எழுதுங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது, மதியத்துக்குள் சார்ஜும் இறங்கிவிடும். 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, 1098 குழந்தைகள் உதவி எண், கடலோரக் காவலுக்கு 1093. கிழக்குப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. மேற்கே தக்கலை அரசு மருத்துவமனை.

ஒவ்வொரு பிள்ளையின் பாக்கெட்டிலும் பொறுப்பாளரின் போன் எண் எழுதிய சின்ன அட்டை இருக்கட்டும். பெயரைப் பெரிதாக எழுதி நெஞ்சில் தொங்கவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. முன்பின் தெரியாத எவரும் "அபி, இங்க வா மக்கா" என்று கூப்பிட அது வசதியாகிவிடும்.

எண்ணுவது ஒரு கலை

ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மே மாதத்தில் திற்பரப்பில் போய் நின்றால் தெரியும், மூன்று கூட்டம் மஞ்சளில் வந்திருக்கும். ஒருமுறை எங்கள் வண்டியில் எண்ணிக்கை சரியாக இருந்தது, டிரைவர் சாவியைப் போட்டுவிட்டார். செந்துளுவன் குழுவில் ஒரு சின்னப் பெண் மட்டும், "அக்கா, எங்க சீட்ல ஒரு அண்ணன் உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்கான், அவன யாருக்குமே தெரியாது" என்றாள். பக்கத்து வண்டியில் ஏறவேண்டியவன் எங்கள் வண்டியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான். எங்கள் பையன் ஒருவன் கழிப்பறையிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தான். நாற்பது என்ற எண் யார் இல்லை என்பதைச் சொல்லாது.

ஆகவே தலையை எண்ணாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு குழுத்தலைவரும் தன் எட்டுப் பேரை முகம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு "மட்டி சரி", "ஏத்தன் சரி" என்று பொறுப்பாளரிடம் சொல்லவேண்டும். ஐந்து 'சரி'யும் வந்தபிறகுதான் வண்டி நகரும். "எல்லாரும் வந்தாச்சு சார், போலாம்!" என்று பின்சீட்டிலிருந்து வரும் சத்தத்துக்கு டிரைவர் கிளம்பக்கூடாது, பொறுப்பாளர் கையைக் காட்டினால் மட்டுமே கிளம்பவேண்டும். இதைக் காலையிலேயே டிரைவரிடமும் கிளீனரிடமும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்ணவேண்டிய நேரங்கள்: வண்டியில் ஏறியதும், இறங்கி நடக்கும் முன், கழிப்பறை முடிந்ததும், படகில் ஏறும் முன், படகிலிருந்து இறங்கியதும், சாப்பிட உட்கார்ந்ததும். உட்கார்ந்திருக்கும்போது எண்ணுவது எளிது. நிற்கும் பிள்ளைகளை எண்ணப் போனால் ஒரே தலை மூன்று இடத்தில் வரும்.

படகும் பாறையும்

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுக்கு வரிசை நீளும். காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். டிக்கெட் எடுக்கப் பொறுப்பாளர் மட்டும் போகட்டும், பிள்ளைகள் நிழலில் உட்காரட்டும். வரிசையில் குழுக்குழுவாக நிற்கவேண்டும். பாதிக் குழு ஒரு படகிலும் மீதி அடுத்த படகிலும் போகும்படி விடக்கூடாது. இடம் இல்லையென்றால் முழுக் குழுவும் அடுத்த படகுக்குக் காத்திருக்கட்டும்.

படகில் லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். போட்டதோடு முடியாது, வாரை இழுத்துக் கட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது தொளதொளவென்று தலைக்கு மேல் ஏறும். "நாறுது அக்கா" என்று கழற்றப் பார்ப்பார்கள். விடக்கூடாது. கரையில் இறங்கும்வரை உட்கார்ந்தே இருக்கவேண்டும், போட்டோ எடுக்க ஒருபக்கமாக எழுந்து ஓடக்கூடாது.

பாறையில் மண்டபத்துக்குள் போகச் செருப்பைக் கழற்றவேண்டும். நாற்பது ஜோடிச் செருப்பைத் தனித்தனியாக விட்டால் திரும்பி வரும்போது இருபது நிமிடம் அதற்கே போகும். குழுவுக்கு ஒரு கட்டைப்பை. எட்டு ஜோடியும் அதற்குள். பத்மநாபபுரத்திலும் இதே வித்தைதான். வெயில் ஏறிவிட்டால் பாறை காலைச் சுடும், அதனால்தான் காலையில் போகச் சொல்கிறேன். தியான மண்டபத்துக்குள் ஒரே நேரத்தில் நாற்பது பேரை நுழைக்காதீர்கள். அமைதியாக இருக்க வந்தவர்கள் பாவம்.

அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது, 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கீழே அலை தெரியும்போது சில பிள்ளைகள் உறைந்துபோய் நின்றுவிடுவார்கள். கேலி செய்யவிடாதீர்கள். கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போகலாம், வரமாட்டேன் என்றால் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையோடு இந்தப் பக்கமே இருக்கலாம். சிலையின் உயரம் 133 அடி. பீடம் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். அதைச் சொல்லிக்கொண்டே நடந்தால் கூட்டம் சிதறாது. சொல்ல ஏதாவது கையில் வைத்திருப்பதும் பிள்ளைகளை மேய்க்கிற வேலையில் சேர்ந்ததுதான்.

கடல் சீற்றமாக இருந்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் முகம் வாடிப்போகும். மாற்று ஏற்பாட்டை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்: காந்தி மண்டபம், பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம், அருங்காட்சியகம். அக்டோபர் 2 அன்று சூரியஒளி விழும்படி கட்டிய இடத்தைக் காந்தி மண்டபத்தில் காட்டிக் கேள்வி கேட்டால் பத்து நிமிடம் நன்றாகப் போகும்.

கடல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு

கூட்டமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது கடலில் இறக்காதீர்கள். முழங்கால்வரை, கணுக்கால்வரை என்ற பேச்சே வேண்டாம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலை இழுத்து இறந்துபோனார்கள். வளர்ந்தவர்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. எங்கோ தெற்கே பெருங்கடலில் வீசிய காற்றால் எழுந்த அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் வந்து கரையில் ஏறுவதுதான் கள்ளக்கடல். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோடை விடுமுறையில்தான் அதிகம் வரும் என்பது நமக்குக் கூடுதல் ஆபத்து. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் எச்சரிக்கை விடும், மாவட்ட நிர்வாகமும் செய்தியில் சொல்லும். முந்தின நாள் ராத்திரி பாருங்கள். சொத்தவிளையிலோ முட்டத்திலோ கரையில் இருக்கும் மீனவர் யாரையாவது கேளுங்கள், "இன்னைக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

மணலில் விளையாடலாம். ஈர மணல் எங்கே முடிகிறதோ, அதற்கு நன்றாக மேலே ஒரு கோடு போடுங்கள். பெரியவர்கள் அந்தக் கோட்டில் நிற்கவேண்டும். ஒருவர் கடலைப் பார்த்தபடி, மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி. எல்லோரும் பிள்ளைகளையே பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் வரும் அலையை யார் பார்ப்பது?

தொட்டிப்பாலமும் அருவியும்

மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், ஏறக்குறைய கால் மைலுக்கு நீளம். பறளியாற்றைத் தாண்டிப் பாசனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 1966இல் கட்டி முடித்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நடைபாதை குறுகலானது, எதிரே ஆள் வந்தால் இரண்டு பேரும் ஒருக்களித்து நிற்கவேண்டும். ஒற்றை வரிசைதான். குழுவுக்குக் குழு பத்தடி இடைவெளி விடுங்கள். எட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள், அது இயல்பு. ஓடாதே, ஏறாதே என்று சொல்லிக்கொண்டே போவதைவிட "ஆத்துக்குள்ள எத்தனை தூண் தெரியுதுன்னு எண்ணிட்டு வா" என்று நின்று பார்க்க இடம் காட்டுவது பலன் தரும். பாலத்தின் மேல் தின்பண்டம், தண்ணீர் பாட்டில், பந்து எதுவும் கையில் வேண்டாம். கை இரண்டும் காலியாக இருக்கட்டும்.

திற்பரப்பில் ஒரு குழு குளிக்க, மற்ற குழுக்கள் கரையில். சின்னப் பிள்ளைகளுக்குக் குளம் இருக்கிறது, அவர்களை அருவியின் அடியில் விடவேண்டாம். பாறை வழுக்கும். இருபது நிமிடம் முடிந்தால் குழுத்தலைவர் பெயர் கூப்பிட்டு வெளியே எடுத்து, துவட்டி, உடை மாற்றவைத்து உட்காரவைத்தபிறகு அடுத்த குழு இறங்கட்டும். தண்ணீர் கலங்கி வந்தாலோ, சருகும் கிளையுமாக மிதந்து வந்தாலோ, மலைப்பக்கம் கருத்தாலோ யார் சொல்வதற்கும் காத்திராமல் எல்லோரையும் மேலே ஏற்றுங்கள்.

சோறு, தண்ணீர், வாந்தி, கழிப்பறை

பொதிச்சோறாகக் கட்டிக்கொண்டு போவதே நல்லது. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தாங்கும். தயிர்ச்சோறு மே மாத வண்டிக்குள் மதியம்வரை தாங்காது. இடையில் கொடுக்க மட்டிப்பழம். சின்னப் பழம், வயிற்றுக்கும் கேடில்லை. கலர் ஐஸும் கடற்கரை பஜ்ஜியும் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தள்ளிவிடுங்கள்.

வாந்தி எடுக்கும் பிள்ளைகள் யார் என்று அவர்களுக்கே தெரியும், காலையிலேயே கேட்டு முன்சீட்டில் ஜன்னலோரம் உட்காரவையுங்கள். குலசேகரம் பக்கத்து வளைவுகளில் பாலித்தீன் கவர் இருக்கும் இடம் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஒருவர் எடுத்தால் இன்னும் மூன்று பேர் எடுப்பார்கள்.

கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். "யாருக்குப் போகணும்?" என்று கேட்காதீர்கள், யாரும் கை தூக்கமாட்டார்கள், அரண்மனைக்குள் பாதி வழியில் எல்லோரும் தூக்குவார்கள். நுழையும் முன் குழுகுழுவாக எல்லோரையும் அனுப்பிவிடுங்கள்.

ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால்

காலையில் வண்டி கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லவேண்டியது: "எங்களைக் காணோம்னா நீ தேடி ஓடாதே. நின்ன இடத்துலயே நில்லு. நாங்க வருவோம். பயமா இருந்தா போலீஸ்கிட்ட போ, இல்லேன்னா பிள்ளைகளோட வந்திருக்கிற ஒரு அம்மாகிட்ட அட்டையக் காட்டு." இரண்டு மூன்று பேரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

காணவில்லை என்று தெரிந்ததும் முதலில் மற்றவர்களை உட்காரவையுங்கள். எல்லோரும் தேடக் கிளம்பினால் இன்னும் மூன்று பேர் காணாமல் போவார்கள். ஜோடியிடம் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று கேட்டு ஒருவர் அங்கே, ஒருவர் கழிப்பறைக்கு, ஒருவர் வண்டிக்கு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருப்பார்கள். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் முதல் ஆள் தண்ணீருக்குத்தான் ஓடவேண்டும். ஐந்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் போலீஸிடம் போங்கள், என்ன நிற உடை, எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள். காலையில் குழுக்குழுவாக எடுத்த ஒரு போட்டோ அப்போது உதவும். கிடைத்த பிள்ளையை அந்த இடத்தில் வைத்துத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தமுறை ஒளிந்துகொள்ளும்.

திரும்பி ஒப்படைப்பது

சாயங்காலம் எல்லோரும் களைத்திருக்கும் நேரம்தான் கவனம் தப்பும். தூங்கும் பிள்ளை சீட்டுக்கு அடியில் சரிந்து கிடக்கும், எண்ணிக்கையில் வராது. வண்டியைவிட்டு இறங்கும்போது குழுத்தலைவர் வாசலில் நின்று பெயர் சொல்லி இறக்கவேண்டும். பெற்றோர் எழுதித்தந்த சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் பிள்ளையைக் கொடுக்கவேண்டும். "நான் இவன் மாமாதான்" என்று வேறு யாராவது வந்தால், முகம் தெரிந்தவராகவே இருந்தாலும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

எல்லாப் பெயருக்கும் நேராக டிக் விழுந்தபிறகு கடைசி ஆள் வண்டிக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டின் அடியிலும் பார்க்கட்டும். இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு ஒற்றைச் செருப்பு, யாருடையதோ ஈரத் துண்டு, இவை நிச்சயம் இருக்கும். அதையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு வாடகையைக் கொடுத்து வண்டியை அனுப்புங்கள்.